கணுக்கால் வீங்கினால் வெறும் சுளுக்கா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு விழுந்து கணுக்கால் வீங்கினால், "சுளுக்குதான், எண்ணெய் போட்டு உருவி விடு" என்பார்கள். சிலர் புத்தூர் கட்டுக்கு பஸ் ஏறுவார்கள். அவசரப்பட்டு உருவினால் ஆபத்து! கணுக்கால் எலும்பின் பின் விளிம்பை அழுத்தினால் வலிக்கிறதா? நாலு அடி நடக்க முடியவில்லையா? உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். 1992-ல் கனடா நாட்டு ஒட்டாவா டாக்டர்கள் வகுத்த சோதனை இது. நயா பைசா செலவில்லை.

கட்டு பிரித்ததும் வேலைக்கு ஓடுவதும் தப்பு. ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்க முடிகிறதா, பாதம் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று பிசியோதெரபிஸ்ட் அளந்து எழுத வேண்டும். நஷ்டஈட்டுக்கு அதுதான் பலம். 1923-ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்ட அட்டவணையில் கால் கட்டைவிரல் அடியோடு போனால் 14 சதவீதம் என்று இருந்தது. மடங்காத கணுக்காலுக்கு அதில் வரியே இருக்கவில்லை. டாக்டர் கணிப்பதுதான் கணக்கு. வடக்கே இருந்து வந்த காண்டிராக்ட் தொழிலாளிக்கு இதை யார் சொல்வது?