கார்த்திகையில் இட்ட எரு

தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு. திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் கோவிலின் பக்கவாயிலில் வந்து நின்றார். கையில் மல்லிகைக் கிளை ஒன்று இருந்தது. அதில் பூவில்லை, அரும்புமில்லை; ஓரம் கருகிச் சுருண்ட இலைகளே இருந்தன. "சாமி, இருபது வருசமா பாஸ்கா பூசைக்கு எங்க வீட்டு மல்லிகை வந்திருக்கு. இந்த வருசம் வராது போல இருக்கு" என்றார். பின்னால் நின்ற அவருடைய கணவர் ஒன்றும் பேசவில்லை.

விவரம் இதுதான். சுரங்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த அவர் பணி ஓய்வு பெற்றுவிட்டார். மே மாத முடிவுக்குள் குடியிருப்பை ஒப்படைத்துவிட்டுச் சொந்த ஊருக்குச் செல்ல வேண்டும். விட்டுப் போகிற வீட்டுக்கு எரு எதற்கு என்று நவம்பரில் செடியைக் கவாத்துச் செய்யாமலும் எரு இடாமலும் இருந்துவிட்டார். பிப்ரவரி பிறந்தும் செடி அரும்பு காட்டவில்லை. மனைவியின் முகவாட்டத்தைக் காணப் பொறாமல், கடையில் யூரியா வாங்கி வந்து, இரு கைகளாலும் அள்ளித் தண்டைச் சுற்றிப் போட்டுவிட்டார். அன்பினால் செய்ததுதான். செடிக்கு அது தெரியாது.

நெய்வேலியில் வாழ்வோருக்கு யூரியாவின் மீது தனிப் பாசம் உண்டு. 1956இல் நிறுவப்பட்ட நம் நிலக்கரி நிறுவனம் 1960களில் இங்கேயே உர ஆலை ஒன்றையும் அமைத்தது. பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி, அதிலிருந்து கிடைத்த ஹைட்ரஜனைக் காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா செய்து, அதனைக் கரியமில வாயுவுடன் இணைத்து யூரியாவாக்கினார்கள். மண்ணுக்கடியில் கிடந்த கரி, வெள்ளை மணியாக வயலுக்குப் போனது. அந்த ஆலை மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. யூரியா போட்டால் எல்லாம் வரும் என்ற நம்பிக்கைதான் இன்னும் மூடப்படவில்லை!

யூரியா தருவது தழைச்சத்து ஒன்றையே. நூறு கிலோவில் நாற்பத்தாறு கிலோ தழைச்சத்து உண்டு. வேறு சத்து எதுவுமில்லை. நம் தமிழ்ப் பெயரே உண்மையைச் சொல்லிவிடுகிறது: அது தழையை வளர்க்கும். பூவுக்கும் வேருக்கும் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் வேண்டும். அளவு மீறிய யூரியாவோ தழையைக்கூட வளர்ப்பதில்லை. வேரைச் சுற்றியுள்ள ஈரத்தில் அது மிகுதியாகக் கரைந்து நிற்கும்போது, வேரால் நீரை உறிஞ்ச முடிவதில்லை. தண்ணீரில் நின்றுகொண்டே செடி தாகத்தால் கருகுகிறது.

அப்படியாயின் எவ்வளவு இடுவது, எப்போது இடுவது? குண்டுமல்லிக்குக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கூறும் கணக்கு இது. ஆண்டொன்றுக்குச் செடி ஒன்றுக்குத் தொழு எரு 10 கிலோ, தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல் சத்து 120 கிராம். உரத்தை இரண்டாகப் பகிர்ந்து, நவம்பர் இறுதியில் கவாத்துச் செய்தவுடன் ஒரு பாதியும், ஜூன், ஜூலையில் மறு பாதியும் இட வேண்டும். கடைச் சரக்காகக் கணக்கிட்டால், ஒரு தடவைக்கு யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம் ஆகும். நம் அன்பர் அள்ளிப் போட்ட யூரியா எத்தனை 65 கிராம் என்று நாம் கேட்கவில்லை. இந்த அளவு நிலத்தில் நன்கு வேரூன்றிய வளர்ந்த செடிக்கு மட்டுமே. தொட்டியில் வளரும் செடிக்கு இதை இட்டால் அது நஞ்சாகிவிடும். அதற்கு மட்கிய எரு இரண்டு கைப்பிடி போதும்.

நம் மண்ணையும் கருத வேண்டும். நெய்வேலியின் செம்மண் நீரை விரைவில் கீழே விட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் யூரியாவைத் தூவினால் அது வேருக்குச் செல்லாமல் மழையோடு போய்விடும். ஆகவே மழை சற்று ஓயும் நாளைப் பார்த்து இட வேண்டும். மணிச்சத்தின் தன்மை இதற்கு நேர்மாறானது. இட்ட இடத்தை விட்டு அது எளிதில் நகராது. செம்மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே தூவினால் பயன் குறைவு. எருவோடு கலந்து, தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி வட்டமாகக் குழி பறித்து, வேர்ப் பகுதியில் இட்டு மூட வேண்டும். எரு இல்லாமல் உரம் மட்டும் இடுவது, பானையில்லாமல் அரிசி வாங்குவது போன்றது. சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய மண்மேடுகளில் மரம் வளர்க்க முற்பட்டபோதும் எருவும் தழையும் சேர்த்து மண்ணைப் பண்படுத்த வேண்டியிருந்தது. நிலக்கரியிலிருந்தே ஹியூமிக் அமிலம் எடுத்து மண்ணுக்கு இடும் முறையையும் இவ்வூரில் ஆய்ந்திருக்கிறார்கள்.

இடையில் ஓர் எச்சரிக்கை. சாம்பல் சத்து என்ற பெயரைக் கேட்டு, அனல் மின் நிலையச் சாம்பலைச் செடிக்கு அள்ளிப் போடுவோர் உண்டு. கிராமத்து விறகடுப்புச் சாம்பல் வேறு, இது வேறு. நம் ஊர்ச் சாம்பலில் சுண்ணாம்பு மிகுதி. செங்கலுக்கும் சிமெண்டுக்கும் அது ஆகும், மல்லிகைக்கு ஆகாது. இலை நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகுமானால் அது யூரியாப் பசியுமன்று; இரும்புச்சத்துக் குறைவு. அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலை வேளையில் இலைமேல் தெளித்தால் தேறும். ரோஜாவுக்கும் கவாத்தை ஒட்டி எரு இடுவதே முறை. காகிதப்பூவை அதன் போக்கில் விட்டுவிடலாம். நன்றாகக் கவனித்தால் அது பூப்பதையே மறந்துவிடும்.

திருச்சபையின் ஆண்டுக்கும் மல்லிகையின் ஆண்டுக்கும் உள்ள பொருத்தத்தை நாம் பலமுறை எண்ணி வியந்ததுண்டு. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வருகிறது. மல்லிகையை நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டி, எரு இட வேண்டிய நாட்களும் அவையே. தவக்காலத்தில், நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் நீங்கலாக, பீடத்தைப் பூக்களால் அணி செய்வதில்லை. அந்நாட்களில்தான் செடி அரும்பு கட்டுகிறது. உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எந்நாளில் வந்தாலும் குண்டுமல்லி பூத்திருக்கும். ஆனால் கார்த்திகையில் இடாததைத் தவக்காலத்தில் இட்டு ஈடு செய்ய இயலாது. எரு மட்கி, வேர் அதனை உண்டு, புதுக்கிளை விட்டு, அக்கிளையின் நுனியில்தான் அரும்பு வரவேண்டும். அதற்கு மூன்று மாதமாவது ஆகும்.

லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் ஆண்டவர் கூறிய அத்திமர உவமை அன்று நம் நினைவுக்கு வந்தது. மூன்றாண்டுகளாகக் காய்க்காத மரத்தை வெட்டச் சொல்கிறான் உரிமையாளன். தோட்டக்காரனோ, சுற்றிலும் கொத்தி எரு இடத் தவணை கேட்கிறான். அவன் ஒரு வாரம் கேட்கவில்லை. ஓர் ஆண்டு கேட்கிறான். எருவின் கணக்கு அவனுக்குத் தெரிந்திருந்தது. இன்னொன்றும் உண்டு: அம்மரம் அவனுடையதன்று. கனி வந்தாலும் அது உரிமையாளனுக்கே போகும். நம்மைப் போன்ற குருக்களும் ஆணை வந்தால் பெட்டியைக் கட்டுகிறவர்கள்தாம். பங்கு இல்லத்தின் முன்னுள்ள செம்பருத்தியை நட்டவர் யாரென்று நமக்குத் தெரியாது.

இந்த உவமையை அன்று அந்தக் கணவரிடம் நாம் சொல்லவில்லை. அவர் ஏற்கெனவே நொந்திருந்தார். செய்ய வேண்டியதை மட்டும் சொன்னோம். தண்டருகே கரையாமல் கிடக்கும் மணிகளை மேல்மண்ணோடு வழித்தெடுக்க வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து, நீர் வேர்ப்பகுதிக்குக் கீழே இறங்குமளவுக்கு நிறையப் பாய்ச்ச வேண்டும். கருகிய நுனிகளைக் கிள்ளிவிட்டு, மட்கிய இலையைப் பரப்பி, வேறு எந்த உரமும் இடாதிருக்க வேண்டும். அவ்வாறே செய்தார். காலையும் மாலையும் அவர் குடத்தோடு நிற்பதை அவ்வழியே சென்றோர் கண்டிருக்கிறார்கள்.

பாஸ்கா இரவில் பீடத்தை அணி செய்ததற்குப் பிற வீடுகளிலிருந்து மல்லிகையும் சாமந்தியும் நிறைய வந்தன. அந்தத் தாய் வாழையிலைக் கிழிசலில் மடித்து எதையோ கொண்டுவந்து கொடுத்தார். பிரித்து எண்ணினோம். பதினொரு மொட்டுகள். அவற்றைப் பாஸ்கா திரியின் அடியில் வைத்தோம்.

மே மாதக் கடைசியில் கணவர் தனியாக வந்தார். "ஜூன்ல நாங்க இருக்க மாட்டோம் சாமி. அடுத்த பாதி உரத்தை இப்பவே வெச்சிட்டுப் போகலாமா?" என்று கேட்டார். கத்திரி வெயிலில் உரம் வேண்டாம், மட்கிய தொழு எரு மட்டும் இடலாம் என்றோம். யூரியா இவ்வாண்டுக்கு இனித் தேவையே இல்லை, போனதே மிகுதி. மறுநாள் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கூடை எரு வாங்கி வந்து, செடியைச் சுற்றிக் கொத்தி இட்டுவிட்டு, வீட்டுச் சாவியை ஒப்படைத்தார். பதியம் போட்டு வைத்திருந்த கன்று ஒன்றை மனைவி மண்ணோடு எடுத்துச் சென்றார்.

அவ்வீட்டுக்கு ஜூனில் ஓர் இளங்குடும்பம் வந்தது. அவர்கள் நம் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆயினும் தாழ்வாரத்து ஆணியில் தொங்கிய இரு காகிதப் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு, இது என்னவென்று கேட்க நம்மிடம் வந்தார்கள். ஒன்றின் மேல் சூப்பர் என்றும், மற்றதன் மேல் பொட்டாஷ் என்றும் எழுதியிருந்தது. இரண்டின் மேலும் "சாமியாரைக் கேட்டுப் போடவும்" என்றிருந்தது. நல்ல மழை ஒன்று பெய்த மறுநாள் போடுங்கள் என்றோம். எடை போட்டுப் பார்க்க வேண்டுமா என்று அந்தப் பெண் கேட்டார். வேண்டியதில்லை, அவர் அளந்துதான் வைத்திருப்பார் என்றோம்.