ரெடிமேட் புராஜெக்ட்!

ஃபைனல் இயர் மக்களே, புராஜெக்ட் சீசன் வந்தாச்சா? நெட்டுல தேடினா கோடு, ரிப்போர்ட், பி.பி.டி. எல்லாத்தையும் ஒரே பேக்கேஜா விக்கிறாங்க. சரி, வைவாவுல எக்ஸ்டர்னல், 'இந்த லூப்பை ஏம்ப்பா இங்க போட்டே?'னு கேட்டா? வித்தவர் பக்கத்துல நிக்க மாட்டாரே!

பி.ஹெச்டி. கனவு இருக்கறவங்க இதையும் கவனிங்க. யு.ஜி.சி. 2018-ல போட்ட விதிப்படி, ஆய்வேட்டுல 10 சதவீதம் வரைக்கும் அடுத்தவர் எழுத்தோட ஒத்துப்போனா தண்டனை இல்லை. 40-ஐத் தாண்டினா ஒரு வருஷம் திருத்திக் கொடுக்கவும் முடியாது; 60-ஐத் தாண்டினா பதிவே ரத்து!

புரியாததை நெட்டுல கேட்டுத் தெரிஞ்சுக்கறது தப்பில்லை. யார் உதவினாங்கன்னு ரிப்போர்ட்ல ஒரு வரி போட்டுடுங்க. ஆனா, காசுக்கு வாங்கினதுல உங்க பேரைப் போட்டா, ராத்திரியெல்லாம் கண்முழிச்சு கோடு எழுதின பக்கத்து பெஞ்ச் ஃப்ரெண்டுக்கும் உங்களுக்கும் ஒரே மார்க். அவன்கிட்ட அதைச் சொல்லிப் பாருங்களேன்!