முதலில் நடையா, பாரமா?

"பின்னேரத்தில் எனக்கென்று கிடைப்பது 40 நிமிடங்கள்தான். அதில் முதலில் நடப்பதா, பாரம் தூக்குவதா?"

அண்மையில் ஒரு சகோதரி கேட்ட கேள்வி இது. வயது 45. இரத்தத்தில் சீனி கூடியிருப்பதால் நடைப்பயிற்சியும் பாரப் பயிற்சியும் செய்யுமாறு கிளினிக்கில் கூறியிருக்கிறார்கள். நடந்துவிட்டு வீடு வந்தால் களைப்பு. இராச் சாப்பாட்டு வேலையும் காத்திருக்கும். பாரப் பயிற்சி நாளைக்கு என்று தள்ளிப்போகும். இப்படியே மூன்று மாதங்கள் கழிந்துவிட்டன.

நம்மில் பலரின் நிலை இதுதான். நடந்தால் போதும் என்று எண்ணுகிறோம். வேகநடை இதயத்திற்கும் சுவாசப்பைக்கும் பலம் தருகிறது. தசையையும் எலும்பையும் உறுதியாக்குவதற்கோ பாரம் வேண்டும். ஒன்று மற்றதற்கு ஈடாகாது. வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கமும், குறைந்தது 2 நாட்கள் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும் தேவை என உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது.

இனி, எது முதலில்? முதலில் செய்வதற்கே உடலின் புதுத்தெம்பு கிடைக்கும். ஓட்டப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளை முதலில் ஓடட்டும். உடல் எடையைக் குறைப்பது மட்டுமே நோக்கமென்றால் வரிசையால் பெரிய வித்தியாசம் இல்லை. மொத்தமாக எவ்வளவு செய்கிறோம், என்ன உண்கிறோம் என்பவையே முக்கியம். ஆனால் நடுத்தர வயதுப் பெண்களுக்குப் பாரமே முதலில் வருவது நல்லது.

காரணம் இருக்கிறது. உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் சீனியைப் பெருமளவில் உள்வாங்குவது தசைகளே. வயது ஏற ஏறத் தசை குறைகிறது. மாதவிடாய் நின்ற பின் எலும்பும் விரைவாகத் தேய்கிறது. அத்துடன், களைத்த கால்களுடன் பாரம் தூக்கினால் முழங்காலும் முதுகும் பிசகக்கூடும்.

40 நிமிடங்களை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் 5 நிமிடம்: நின்ற இடத்திலேயே மெதுவாக நடந்து, கை கால்களை அசைத்து உடலைச் சூடாக்குங்கள்.

அடுத்த 15 நிமிடம்: கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து 10 தடவை எழுந்து அமருங்கள். சுவரில் கைகளை ஊன்றி 10 தடவை தள்ளுங்கள். தண்ணீர் நிரப்பிய ஒன்றரை லீற்றர் போத்தல்களை இரு கைகளிலும் பிடித்து 10 தடவை உயர்த்துங்கள். சற்று ஓய்வெடுத்து, இவற்றை மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். அது இரத்த அழுத்தத்தை உயர்த்தும்.

கடைசி 20 நிமிடம்: வேகநடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம்.

இதை ஒருநாள் விட்டு ஒருநாளாக வாரத்தில் 3 நாட்கள் செய்யுங்கள். இன்னும் 3 நாட்கள் 30 நிமிடம் நடந்தால் 150 நிமிடங்களும் நிறைவாகிவிடும்.

இன்சுலின் ஏற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பயிற்சியின்போது சீனி திடீரென இறங்கக்கூடும். முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் கனடாவில் நடத்தி 2012 இல் வெளியான சிறு ஆய்வொன்றில், முதலில் ஓடியபோது இறங்கிய அளவுக்கு, முதலில் பாரம் தூக்கியபோது சீனி இறங்கவில்லை. எனினும் பயிற்சிக்கு முன் சீனியின் அளவைப் பார்த்துக்கொள்வதும், கையில் இனிப்பு வைத்திருப்பதும் அவசியம். இதய நோய் உள்ளவர்களும் கூடுதல் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்ட பின்பே தொடங்குங்கள். நெஞ்சுவலியோ தலைச்சுற்றோ வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

அந்தச் சகோதரிக்கும் உங்களுக்கும் சொல்வது ஒன்றுதான். எது வழமையாகத் தவறிப்போகிறதோ, அதை முதலில் வையுங்கள். வீட்டில் எல்லோருடைய வேலையும் முடிந்த பிறகே நம் உடல்நலம் என்று நினைப்பவர்கள் நாம். இந்த 40 நிமிடத்திலாவது அந்த வரிசையை மாற்றுவோம்.