குருதி தமிழனுடையது, அறிக்கை எவனுடையது?

திருமுட்டத்தை 'ஸ்ரீமுஷ்ணம்' என்றும் முதுகுன்றத்தை 'விருத்தாசலம்' என்றும் ஆக்கிய அடிமை மனம் ஊர்ப்பெயரோடு நின்றுவிடவில்லை. அவ்வூர் உழவன் ஈந்த குருதியைப் பற்றிய செய்தியையும் அவனுக்கு விளங்காத மொழியில் அச்சிட்டு அவன் கையிலேயே திணிக்கின்றது. அன்று வடமொழி; இன்று ஆங்கிலம். ஆண்டைகள் மாறினர், அடிமைத்தனம் மாறவில்லை.

குருதிநோயை அறியும் கலை நோயாளியின் வாய்மொழியிற்றான் தொடங்குகின்றது. சிறிது நடந்தாலும் மூச்சு வாங்குகின்றது, மண் தின்ன வேட்கை எழுகின்றது, பல்லீறு கசிகின்றது, அடிபடாமலே தோல் கன்றுகின்றது. இவற்றைத் திருமுட்டத்துத் தாய் எவளும் ஆங்கிலத்திற் கூறுவதில்லை. தமிழிற் கேட்டறிந்த நோய்க்கு முடிவு மட்டும் ஆங்கிலத்தில் ஏன்?

தமிழில் மருத்துவ அறிவியல் இயலாது என்பார் கேட்க! சிவப்பணுக்கள் சிறுத்து வெளுத்திருப்பின், இரும்புக்குறைவை முதலில் ஐயுறுக. சிறுத்த அணுக்கள் எண்ணிக்கையில் மிகுந்திருப்பின், அது தாலசீமியா என்னும் மரபுவழிக் குறையாகவும் இருக்கலாம். உடலின் இரும்பிருப்பை அளவாமல் இரும்பு மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கச் செய்தல் தவறு. அணுக்கள் பருத்திருப்பின் பி12, போலிக் காடி ஆகியவற்றின் குறைவை நாடுக. சிவப்பணு, வெள்ளணு, தட்டணு மூன்றும் ஒருங்கே குன்றினாலோ, முதிரா வெள்ளணுக்கள் குருதியில் தலைகாட்டினாலோ, இடுப்பென்பில் ஊசி செலுத்தி உள்ளிருக்கும் மூளையை எடுத்து ஆய்க. குருதியணுக்கள் பிறக்குமிடம் அதுவே என 1868இல் செருமானியரான எர்னசுட்டு நாய்மன் காட்டினார். இத்தனையும் தமிழிற் கூறியாயிற்று. எங்கே இடறிற்று தமிழ்?

அம்மூளையைப் பாடநூல்கள் 'மஜ்ஜை' என்கின்றன. செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை என உடற்கட்டுகளை வரிசைப்படுத்திய சித்த மருத்துவத்தில் அதற்குரிய சொல் முன்னரே உண்டு. தலைமூளையோடு மயங்குமெனின் 'என்புமூளை' என்க. வீட்டிற் சோறிருக்கத் தெருவில் இரப்பது அறிவுடைமையோ?

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், தாமே தமிழ் பயின்று, மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, மானிப்பாயில் 30 பேருக்கும் மேற்பட்டோரைத் தமிழிலேயே மருத்துவராக்கினார். கடல் கடந்து வந்த வெள்ளையருக்கு 19ஆம் நூற்றாண்டில் இயன்றது, தமிழ்நாட்டை ஆள்வோர்க்கு இன்றும் இயலாதோ? ஆட்சிமொழிச் சட்டம் 1956இலேயே இயற்றப்பட்டது. அச்சட்டம் மருத்துவமனை வாயிலைத் தாண்டலாகாதோ?

மருத்துவர் தமக்குள் உலகோடு ஆங்கிலத்தில் உரையாடட்டும். அதனைத் தடுப்பார் இலர். ஆனால் நோயாளி கையிற் கொடுக்கும் தாள் தமிழில் இருத்தல் வேண்டும். எது குறைந்தது, எது மிகுந்தது, அடுத்து எந்த ஆய்வு, எத்தனை நாளுக்குள் என்பனவற்றை அவன் படித்தறிய வேண்டும். குருதிப்புற்றில் நாள் கடத்துதல் உயிர் கடத்துதலாகும். விளங்காத தாளை மடித்து இடுப்பிற் செருகி வீடு திரும்புபவன் இழப்பது மொழியுரிமை மட்டுமன்று, உயிருமாகும்.

தமிழா! உன் குருதி உனக்கே விளங்கும் மொழியிற் பேசட்டும். தமிழில் அறிக்கை கேள், தரும்வரை கேள்!