பாட்டனாரின் மண்வெட்டி

சென்ற வாரம் நமது வகுப்புப் பிள்ளைகளை ‘என் பாட்டனார்’ என்ற தலைப்பில் ஒரு வியாசம் எழுதச் சொன்னோம். ஒரு பையன் இரண்டே வாக்கியங்களில் முடித்துவிட்டான். “என் தாத்தா பெரிய வேலை ஒன்றும் பார்க்கவில்லை. விவசாயம்தான் செய்தார்.” எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆயினும் மார்க்குப் போட நமக்குக் கை வரவில்லை. நம்முடைய பாட்டனாரும் அப்படிப் ‘பெரிய வேலை ஒன்றும் பார்க்காத’ மனிதர்தாம்.

இருங்காட்டுக்கோட்டைக்கு அடுத்த சிற்றூர் ஒன்றில் அவருக்கு ஏரிப் பாசனத்தில் இரண்டு காணி நிலம் இருந்தது. இரண்டரை ஏக்கருக்குச் சற்று அதிகம். ஒரு ஜோடி எருது, ஐந்து குழந்தைகள். கோழி கூவுமுன் எழுந்து ஏரைத் தோளில் வைத்துக்கொண்டு புறப்பட்டால், பொழுது சாய்ந்தபிறகுதான் வீடு திரும்புவார். ஸ்ரீபெரும்புதூர்ச் சந்தைக்குப் போய் வந்தால் மேல்துண்டின் முனையில் பொரியுருண்டைகள் முடிந்திருக்கும். பேரப்பிள்ளைகள் எத்தனை பேரோ அத்தனை உருண்டைகள். தமக்கென்று அவர் ஒன்று வாங்கி நாம் கண்டதில்லை.

நமது சீமை ஏரிகளை நம்பிய சீமை. பிரிக்கப்படுவதற்கு முந்திய காஞ்சிபுரம் மாவட்டத்தில் சர்க்கார் பொறுப்பில் இருந்த ஏரிகள் மட்டும் தொள்ளாயிரத்துக்கு மேல். ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன்பே, முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைப் பற்றிச் சொல்கிறது. கரைக்கு மண் போடுவதும் கால்வாய் தூர்வாருவதும் ஊர்க்குடிகளே கூடிச் செய்த வேலை. அதற்குக் குடிமராமத்து என்று பெயர். வெள்ளைக்காரர் 1858-இல் இதற்கென்று ஒரு கட்டாயச் சட்டமே செய்தார்கள். நமது பாட்டனாருக்குக் கல்வெட்டும் தெரியாது, சட்டமும் தெரியாது. ஊரில் தண்டோரா போட்டால் மண்வெட்டியுடன் முதலில் போய் நிற்பவர் அவர் என்பது மட்டும் ஊருக்குத் தெரியும்.

1985-ஆம் வருஷத்து நவம்பர் மழையை வயதானவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நமக்கு அப்பொழுது ஐந்து வயது. பின்னால் பாட்டி சொல்லக் கேட்டதையே இங்கே எழுதுகிறோம். அந்தத் தை மாதத்தில் அத்தைக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. கலியாணச் செலவுக்கு நம்பியிருந்தது வயலில் பொதிகட்டி நின்ற சம்பாப் பயிரைத்தான். ஒரு நாள் நள்ளிரவில் ஏரி தளும்பிக் கரை கசியத் தொடங்கியது. கலங்கலின்மேல் வரிசையாக நட்டிருந்த கற்களுக்கிடையே அடைத்திருந்த மண்ணையும் வைக்கோலையும் பிடுங்கிவிட்டால் தண்ணீர் வடியும், கரை பிழைக்கும். ஆனால் வடிகிற தண்ணீர் முதலில் பாய்வது பாட்டனாருடைய வயலில்தான். கூடியிருந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்துத் தயங்கினார்கள். அவர் ஒன்றும் பேசாமல் கலங்கலில் இறங்கி முதல் அடைப்பைத் தாமே வெட்டினாராம்.

விடிந்தபோது கரை நின்றது, சம்பா மூழ்கிவிட்டது. பாட்டி இரண்டு நாள் அவருடன் பேசவில்லை. மூன்றாம் நாள் அவர், “கரை உடைந்திருந்தால் ஊரில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரிந்திராது. இப்பொழுது நம் வீட்டு அடுப்புத்தானே?” என்றாராம். பிறகு சம்பந்தி வீட்டுக்கு நடந்தே போய், வைகாசி வரையில் தவணை கேட்டு வந்தார்.

தொண்ணூறுகளில் தொழிற்பேட்டை வந்தது. 1996-இல் ஹூண்டாய் கம்பெனி ஸ்தாபிக்கப்பட்டு, 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் ஸான்ட்ரோ கார் வெளிவந்தது. நமது குடும்பத்து நிலமும் தொழிற்பேட்டைக்குப் போயிற்று. நம் சிற்றப்பா மகன் இன்று ஒரு தொழிற்சாலையில் கைநிறையச் சம்பளம் வாங்குகிறான். அதைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. பாட்டனாரோ ஐப்பசி பிறந்தால் வழக்கம்போல மண்வெட்டியுடன் கரைக்குப் போய்விடுவார். “வயல்தான் போய்விட்டதே, தாத்தா! இன்னும் யாருக்காகக் காவல்?” என்று ஒரு நாள் கேட்டோம். “வயல் போனால் தண்ணீரும் போய்விடுமா, தம்பி? அது வருகிற வழியில் வரத்தானே செய்யும்?” என்றார்.

2004-இல் அவர் காலமானார். சில வருஷங்கள் கழித்து நாம் வீட்டைப் பெரிதாக்கிக் கட்டினோம். கொல்லைப்புறத்தில் புல் மண்டிக் கிடந்த போக்குக்காலையும் சேர்த்து மதில் எழுப்பினோம். அதில் தண்ணீர் ஓடி நாம் பார்த்து வெகுகாலமாகியிருந்தது. பட்டம் பெற்றவர்கள் அல்லவா, நமக்குத் தெரியாதது உண்டா!

2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி பெய்த பெருமழையில், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டதையும், அடையாற்றங்கரையில் சென்னை மூழ்கியதையும் உலகம் அறியும். அதே இரவில் நம் வீட்டுக் கூடத்தில் முழங்காலளவு தண்ணீர் நின்றதை உலகம் அறியாது. நம் மதிலில் முட்டித் திரும்பிய தண்ணீர் நம் வீட்டோடு நிற்கவில்லை. அண்டை வீடுகள் நான்கிலும் புகுந்தது. ஒரு வீட்டில் பிறந்து பதினைந்து நாளான குழந்தையைப் பரண்மேல் வைத்துக் காத்தார்கள்.

மறுநாள் அத்தை வந்தாள். மதிலையும் நம்மையும் மாறி மாறிப் பார்த்தாள். “என் கலியாணத்தையே தள்ளி வைத்தார் அப்பா, உன்னால் ஒரு சுவரைத் தள்ள முடியாதா?” என்றாள். பாட்டனாரின் மண்வெட்டி தொழுவத்து மூலையில் துருப்பிடித்துக் கிடந்தது. அதை எடுத்துவந்து மதிலை இடிக்கத் தொடங்கினோம். அண்டை வீட்டார் கடப்பாரையுடன் துணைக்கு வந்தார்கள்.

2017 மார்ச்சில் சர்க்கார் குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் துவக்கியது நம் பக்கத்து மணிமங்கலத்தில்தான். நல்ல காரியமே. ஆனால் தண்ணீர் போகும் வழியை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திராவிட்டால் எந்தத் திட்டந்தான் என்ன செய்யும்?

அந்தப் பையனுக்கு இன்னும் மார்க்குப் போடவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனை ஏரிக்கரைக்கு வரச் சொல்லியிருக்கிறோம். அவன் தாத்தா இன்னும் திடகாத்திரமாக இருக்கிறாராம். அவரையும் கூட அழைத்து வரும்படி சொல்லியிருக்கிறோம். வியாசத்தின் மூன்றாவது வாக்கியத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவன் எழுதட்டும்.