யானைக்கால் நோய்க்கு இன்னும் ஏன் தடுப்பூசி வரவில்லை?

காரைக்காலில் பூவத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. இந்தப் பக்கம் புதுச்சேரி. சாக்கடைத் தேக்கத்தில் வளரும் கியூலெக்ஸ் கொசுவுக்கு இந்த எல்லைக்கோடு தெரியாது. அதுதான் யானைக்கால் நோய்க்குக் காரணமான ஃபைலேரியா புழுவைச் சுமந்து வருகிறது. டெல்டா மாவட்டங்களில் வீடு வீடாக வந்து டி.இ.சி. மாத்திரை கொடுத்தது பலருக்கும் நினைவிருக்கும். அதெல்லாம் சரி, ஒரு ஊசியோடு வேலையை முடிக்க முடியாதா?

சிக்கல் எங்கே?

அம்மை வைரஸ் உடம்புக்குள் வந்து சில வாரங்களில் போய்விடும். ஃபைலேரியா புழுவோ வருஷக்கணக்கில் குடியிருக்கும். நம் நோய் எதிர்ப்பு அணுக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரசாயனத் தூதுகளுக்கு 'சைட்டோகைன்' என்று பெயர். அவற்றில் 'ஐ.எல்.-10' என்பது, "சண்டை போதும், அடங்கு" என்று சொல்லும் தூது. புழு அதை அதிகம் சுரக்கவைத்து, தான் தப்பித்துக்கொள்கிறது. அதனால் புழுவின் புரதத்தை மட்டும் ஊசியில் ஏற்றினால் போதாது. எப்படிச் சண்டை போடுவது என்ற உத்தரவும் கூடவே போக வேண்டும்.

உத்தரவையே ஊசியில் சேர்த்தால்?

1994-ல் எலிகளில் இதைச் செய்து பார்த்தார்கள். லெய்ஷ்மேனியா ஒட்டுண்ணியின் புரதத்தோடு 'ஐ.எல்.-12' என்ற தூதையும் சேர்த்துச் செலுத்தியதும், சரியான வகை எதிர்ப்பு கிளம்பி எலிகளுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. இந்தியாவில் கருங்காய்ச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணியும் இதே குடும்பம்தான்.

அப்புறம் ஏன் நின்றது?

அளவுதான் பிரச்சினை. 1995-ல் புற்றுநோய் சிகிச்சைக்காக ஐ.எல்.-12 கொடுத்துப் பார்த்த ஒரு சோதனையில் 2 நோயாளிகள் இறந்தார்கள். அது தடுப்பூசிச் சோதனை இல்லை; மருந்தின் அளவும் வேறு. ஆனாலும் ஆரோக்கியமான குழந்தைக்குப் போடும் ஊசியில் அப்படியொரு ஆபத்தை யாரும் ஏற்க மாட்டார்கள். இன்னொன்று, அணுவுக்குள் ஒளியும் லெய்ஷ்மேனியாவுக்குப் பலிக்கும் உத்தரவு, நிணநீர்க் குழாயில் வாழும் புழுவுக்கு அப்படியே பொருந்தாது.

இப்போது என்ன வழி?

தூதை வெளியிலிருந்து செலுத்தாமல், உடம்பையே அளவாகச் சுரக்கவைக்கும் துணைப்பொருளைச் சேர்ப்பது. மலேரியாத் தடுப்பூசிகள் இப்படித்தான் ஜெயித்தன. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஆர்.டி.எஸ்.எஸ். ஊசியையும், 2023-ல் ஆர்21 ஊசியையும் பரிந்துரைத்தது. இரண்டிலும் சிலி நாட்டு மரம் ஒன்றின் பட்டையிலிருந்து எடுத்த சபோனின் துணைப்பொருளாக இருக்கிறது. ஆர்21-ஐத் தயாரிப்பது புனேயின் சீரம் நிறுவனம்.

நமக்கு எப்போது?

மனிதரைத் தாக்கும் எந்தப் புழுவுக்கும் இன்றுவரை அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி கிடையாது. 2027-க்குள் யானைக்கால் நோயை ஒழிப்பது இந்தியாவின் இலக்கு. அதுவரை கையில் இருப்பவை மாத்திரையும் கொசு ஒழிப்பும்தான். கொசு வழி நோய்களை ஆராய 1975-ல் புதுச்சேரியில் தொடங்கிய ஐ.சி.எம்.ஆர். மையமும் அந்த வழியில்தான் உழைக்கிறது. ஊசி வரும்வரை, மாத்திரை கொடுத்தால் வாங்கி வைக்காமல் விழுங்குவதும், வாசலில் சாக்கடை தேங்காமல் பார்ப்பதும்தான் நமக்கான தடுப்பு.