உட்கார்ந்த இடத்தில் உலகம் சுற்றலாமா?

அடையாறு காந்தி நகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். வகுப்பில் கம்ப்யூட்டர் திரையிலேயே மியூசியம், கோயில், விண்வெளி எல்லாம் சுற்றிக் காட்டுகிறார்களாம். கண்ணில் மாட்டிக்கொள்கிற கருவி ஒன்று வீட்டிலும் இருந்தால் நல்லது என்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. 'கண்ணு கெட்டுப் போயிடும்டி, வேண்டவே வேண்டாம்' என்கிறார் மாமியார். 'எல்லாப் பிள்ளைகளும் வாங்கும்போது நம்ம பிள்ளை மட்டும் பின்தங்கணுமா?' என்கிறார் கணவர். நடுவில் அகப்பட்டுக்கொண்டு நான் முழிக்கிறேன். இதனால் படிப்பு வருமா, வராதா? நீங்களாவது சொல்லுங்கள்."

சகோதரி, மாமியார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, உங்கள் வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பணத்தை எடுத்து வைப்பதற்கு முன்னால் விஷயத்தைக் கொஞ்சம் அலசிப் பார்த்துவிடுவோம்.

அது என்ன உலகம்?

திரைக்குள் ஓர் ஊரையே கட்டி, அதில் நாம் ஒரு பொம்மை உருவம் எடுத்து நடமாடுவது புதிய சங்கதி அல்ல. 2003-ல் அமெரிக்காவில் 'செகண்ட் லைஃப்' என்று ஒன்று வந்தது. இரண்டாவது வாழ்க்கை என்று அர்த்தம்! பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள் அதில் இடம் வாங்கி, கட்டிடம் எழுப்பி, வகுப்புகூட நடத்தின. ஆரவாரம் அடங்கியதும் பல பல்கலைக்கழகங்கள் மெல்ல நடையைக் கட்டிவிட்டன. கட்டிடம் இருந்தால் மட்டும் பள்ளிக்கூடம் ஆகிவிடுமா? சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாமா?

அடுத்து வந்தது 'மைன்கிராஃப்ட்'. கட்டை அடுக்கி வீடு கட்டும் விளையாட்டு மாதிரி. 2016-ல் பள்ளிகளுக்கென்றே தனிப் பதிப்பு வந்தது. அதில் பிள்ளைகள் கோட்டை கட்டுகிறார்கள், தனிமங்களைச் சேர்த்துச் சேர்மம் செய்கிறார்கள். நீளம், அகலம், உயரம் கணக்குப் போடாமல் ஒரு சுவர்கூட எழும்பாது. புள்ளி பிசகாமல் கோலம் போடத் தெரிந்த நமக்கு இது உடனே புரியும்.

மூன்றாவது வகைதான் நீங்கள் எழுதியிருக்கும் கண் கருவி. மாட்டிக்கொண்டால் சுற்றிலும் அந்த இடமே தெரியும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். நம் அடையாறு பக்கத்திலேயே இருக்கிற சென்னை ஐ.ஐ.டி., கிராமப்புற நடுநிலைப் பள்ளிகளுக்காக இப்படிப்பட்ட கற்பித்தல் முறையை உருவாக்கி வருவதாக 2021-ல் அறிவித்தது. சரித்திரம், விஞ்ஞானம், மொழிப் பாடம் எல்லாம் அதில் அடக்கம். ஆக, இது வெறும் விளையாட்டுச் சாமான் என்று தள்ளிவிடவும் முடியாது.

படிப்பு வருமா?

கேள்வியே இதுதானே! அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் ஜோஸ்லின் பரோங், ரிச்சர்ட் மேயர் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்து 2018-ல் எழுதினார்கள். கல்லூரி மாணவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கண் கருவியை மாட்டி, மனித உடம்பின் ரத்தக் குழாய்க்குள்ளேயே பயணம் போக வைத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே பாடத்தைச் சாதாரணத் திரையில் படம் படமாகக் காட்டினார்கள். பிறகு பரீட்சை வைத்தார்கள்.

குஷியாக இருந்தது யார்? ரத்தத்துக்குள் போய் வந்தவர்கள். மார்க் அதிகம் வாங்கியது யார்? படம் பார்த்தவர்கள்!

இதோடு அவர்கள் நிறுத்தவில்லை. அடுத்த சோதனையில், கண் கருவியில் பார்ப்பவர்களை நடுநடுவே நிறுத்தி, "இதுவரை பார்த்ததை உன் வார்த்தையில் எழுது" என்று கேட்டார்கள். நிறுத்தி எழுதியவர்கள், ஒரே மூச்சில் பார்த்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். குஷியும் குறையவில்லை.

இதிலிருந்து என்ன தெரிகிறது? கருவி ஆசையைக் கிளப்பும். பாடத்தை மனசில் பதிய வைப்பது, "பார்த்தாயே, என்ன பார்த்தாய்? சொல்லு" என்கிற கேள்விதான். அந்தக் கேள்வியைக் கேட்கப் பெரிய படிப்பு வேண்டாம். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றுபோன அம்மாவும் கேட்கலாம், ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டே பாட்டியும் கேட்கலாம்.

காசில்லாமல் கிடைப்பவை

கருவி வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள். வீட்டில் ஒரு நல்ல போனும், அதில் நெட்டும் இருந்தால் போதும்.

1. பாடப் புத்தகம். 2018 முதல் வந்த தமிழ்நாடு அரசுப் பாடப் புத்தகங்களில் பல பாடங்களின் முடிவில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். கறுப்புப் புள்ளிகள் நிறைந்த சதுரமும் பக்கத்தில் இருக்கும். போன் காமிராவைக் காட்டினால் அந்தப் பாடத்துக்கான சோதனை திறக்கும். பல வீடுகளில் அந்தப் பக்கத்தை அப்படியே தாண்டிவிடுகிறார்கள்.

2. 'பெட்' சோதனைகள். நோபல் பரிசு பெற்ற இயற்பியல் விஞ்ஞானி கார்ல் வீமன் 2002-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தது. தராசு, மின்சுற்று, அணு எல்லாவற்றையும் பிள்ளையே கையாண்டு பார்க்கலாம். பல சோதனைகள் தமிழிலும் கிடைக்கின்றன. மின்கம்பியைத் தப்பாக இணைத்தால் திரையில்தான் தீப்பிடிக்கும், நம் வீட்டு ஃபியூஸ் போகாது!

3. 'ஓ-லேப்ஸ்'. அம்ருதா பல்கலைக்கழகமும் மத்திய அரசின் சி-டாக் நிறுவனமும் சேர்ந்து செய்தது. ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கான பரிசோதனைச் சாலை. பள்ளியில் ஆய்வகம் சரியில்லாத பிள்ளைகளுக்குப் பெரிய உதவி.

4. விண்வெளி. பூமியைச் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள்ளேயே நடந்து பார்க்கும்படி 2017-ல் கூகுள் படம் வெளியிட்டது. விண்வெளி வீரர்கள் தூங்கும் இடத்தையும் பார்க்கலாம். அங்கே ஏன் கட்டில் இல்லை என்று பிள்ளையைக் கேளுங்கள்.

அடையாறிலேயே ஆரம்பியுங்கள்

பாரீஸ் மியூசியத்துக்குப் போவதற்கு முன்னால் நம் தெருவிலிருந்து கிளம்புவோம். 'கூகுள் எர்த்'தில் உங்கள் வீட்டைத் தேடிப் பிடியுங்கள். "ஹை, நம்ம மொட்டை மாடி!" என்று குதிப்பான் பையன். அங்கிருந்து அடையாறு ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேற்கே போகச் சொல்லுங்கள். கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, நந்தம்பாக்கம் என்று போய்க்கொண்டே இருக்கும். வழியில் எத்தனை பாலம், எந்த இடத்தில் ஆறு குறுகுகிறது, கரையோரம் எங்கே கட்டிடங்கள் நெருக்குகின்றன என்று நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எந்தத் தெருக்கள் ஏன் மூழ்கின என்பது அப்போது தானாகப் புரியும். பூகோளம் என்பது வேறு எங்கேயோ இருக்கிற விஷயம் இல்லை என்றும் தெரியும்.

பிறகு கிழக்கே திரும்பி முகத்துவாரத்துக்கு வாருங்கள். பழைய வருஷத்துப் படங்களை மாற்றி மாற்றிப் பாருங்கள். சில சமயம் ஆற்றின் வாய் திறந்திருக்கும், சில சமயம் மணல் திட்டு அடைத்திருக்கும். ஏன்? கடல் அலை மணலைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருக்கிறது. கோடையில் ஆற்றில் அதைத் தள்ளும் அளவுக்குத் தண்ணீர் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் வந்தால் உடைத்துக்கொண்டு போகும். விடையை நீங்கள் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். ஒரு நாள் யோசிக்கட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். ஈர மணலும் உப்புக் காற்றும் போனில் வராது. பிரம்மஞான சபை ஆலமரத்தையும் இதே மாதிரிதான் காட்ட வேண்டும். அதன் தாய்த்தண்டு 1989-ல் புயல் காற்றில் சாய்ந்துவிட்டது. விழுதுகள்தான் இன்றைக்கும் மரத்தைத் தாங்குகின்றன. படத்தில் பார்த்தால் அது ஒரு மரம், அவ்வளவுதான். நேரில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை காலடி வைத்து அளந்து பார்த்த பிள்ளை அதை மறக்குமா? சபை திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள்.

நட்சத்திரத்துக்கும் இதே வழிதான். 'ஸ்டெல்லேரியம்' என்ற இலவச வானப் படத்தில் அன்றிரவு தெரியும் கிரகத்தைக் கண்டுபிடிக்கட்டும். மாடிக்குப் போய் நிஜ வானத்தில் தேடட்டும். லீவு நாளில் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்குப் போய் வாருங்கள். 1988 முதல் இருக்கிறது, பக்கத்திலேயே இருப்பதால்தான் நாம் போவதில்லை!

கண்ணும் தலையும்

மாமியாரின் கவலைக்கு வருவோம். மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது சிலருக்கு ஏன் குமட்டுகிறது? உடம்பு ஆடுகிறது என்று உள்காது சொல்கிறது, பஸ்ஸுக்குள்ளேயே பார்க்கும் கண்ணோ ஆட்டம் இல்லை என்கிறது. கண் கருவியில் இது தலைகீழாக நடக்கும். கண் பறக்கிறது, உடம்பு நாற்காலியில் இருக்கிறது. அதனால்தான் தலைசுற்றல், குமட்டல். பையன், "ஒரு மாதிரி இருக்கும்மா" என்றால் உடனே கழற்றிவிடுங்கள். பழகிப் போகும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். உட்கார்ந்தபடியே, சில நிமிஷம் மட்டும் பார்ப்பது நல்லது. சின்னக் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். இந்தக் கருவிகளை விற்கும் மெட்டா கம்பெனியே முன்பு 13 வயதுக்குக் கீழ் கூடாது என்றிருந்தது. 2023-ல்தான் 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளைப் பெற்றோர் கண்காணிப்பில் அனுமதித்தது.

சாதாரணத் திரைக்கும் அளவு உண்டு. இரண்டு வயது வரை திரையே கூடாது, இரண்டு முதல் ஐந்து வயது வரை ஒரு மணி நேரத்துக்குள், ஐந்து முதல் பத்து வயது வரை இரண்டு மணி நேரத்துக்குள் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் வழிகாட்டியிருக்கிறது. 20 நிமிஷத்துக்கு ஒரு தரம், 20 அடி தள்ளி இருக்கும் பொருளை 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். எதிர்வீட்டுத் தென்னை மரம் போதும்.

இன்னொன்று. கிட்டப்பார்வை வராமல் தடுப்பதில் பகல் வெளிச்சத்துக்குப் பங்கு உண்டு. தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகள் தினம் 120 நிமிஷம் வெளியில் இருக்க வேண்டும் என்று ஒரு திட்டமே நடத்துகிறார்கள். ஆகவே திரையில் ஒரு மணி நேரம் போனால், மைதானத்தில் ஒரு மணி நேரமாவது விளையாட விடுங்கள்.

முன்பின் தெரியாதவர்கள்

கண்ணைவிட எனக்குப் பெரிய கவலை இதுதான். இந்த உலகங்களில் சிலவற்றில் யார் வேண்டுமானாலும் நுழையலாம், பேசலாம். பொம்மை உருவத்துக்குப் பின்னால் இருப்பது பத்து வயதுப் பிள்ளையா, நாற்பது வயது ஆளா என்று தெரியாது. அதனால்:

- போனோ கம்ப்யூட்டரோ, கூடத்தில் இருக்கட்டும். கதவைச் சாத்திக்கொண்டு வேண்டாம்.
- பேசும் வசதியை முதலிலேயே அடைத்துவிடுங்கள்.
- நிஜப் பெயர், பள்ளி, தெரு, போட்டோ எதையும் கொடுக்கக் கூடாது என்று பழக்குங்கள்.
- பணம் கட்டும் கார்டு விவரத்தைப் பிள்ளை கையாளும் கணக்கில் சேர்க்காதீர்கள்.
- யாராவது தொந்தரவு கொடுத்தால், "அம்மாகிட்ட சொன்னா போனைப் பிடுங்கிடுவா" என்ற பயம் பிள்ளைக்கு இருக்கக் கூடாது. சொன்னதற்காகத் திட்டாதீர்கள். குழந்தைகளுக்கு உதவ 1098, பண மோசடிக்கு 1930 என்ற எண்கள் இருக்கின்றன.

ஆக, வாங்கலாமா?

சகோதரி, இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் யோசனை. ஆசை தீர ஒரு தரம் பார்க்கட்டும் என்றால், போனைச் செருகிப் பார்க்கும் அட்டைப்பெட்டி மாதிரியான கண்ணாடி சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பள்ளியில் கருவி இருந்தால் அங்கே ஆசிரியர் மேற்பார்வையில் பார்க்கட்டும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தப் பாடத்துக்காகக் காட்டுகிறீர்கள்? எவ்வளவு நேரம்? பார்த்த பிறகு பிள்ளைகள் என்ன எழுதுகிறார்கள்? மூன்றாவது கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் பள்ளி, விஷயம் தெரிந்த பள்ளி.

உங்கள் கணவரிடம், பிள்ளை பின்தங்காது என்று தைரியமாகச் சொல்லுங்கள். மாமியாரிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். பேரன் திரையில் எந்த ஊருக்குப் போய் வந்தாலும், பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தமிழில் கதையாகச் சொல்ல வேண்டும். "அப்புறம்? அங்கே என்னடா இருந்தது?" என்று பாட்டி கேட்கக் கேட்க, அவனுக்குப் பாடம் மனசில் நிற்கும்.